தம்பி போய்விட்டான், நான் இருக்கிறேன்: இருபது வருடம் கழித்து வரும் பயம்

வாசகர் கேள்வி:

எனக்கு 29 வயது. சொந்த ஊர் நாகை மாவட்டத்தில் ஒரு மீனவக் கிராமம். கடல் இல்லாத ஊரில்தான் வாக்கப்படுவேன் என்று அடம்பிடித்து, இப்போது திருப்பூரில் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

சுனாமி வந்தபோது எனக்கு 8 வயது. அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா மீன் விற்க டவுனுக்குப் போயிருந்தார். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். வீட்டில் இருந்த சித்தி ஒரு கையில் என்னையும் இன்னொரு கையில் அவருடைய 5 வயது மகனையும் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் வடிந்தபோது சித்தி கையில் நான் மட்டும்தான் இருந்தேன். அவருக்கு அதற்கு முன்பே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகியிருந்தது. அரசாங்க உதவியில் மறுபடி ஆபரேஷன் செய்து, 2006இல் ஒரு பையன் பிறந்தான். போன தம்பியின் பெயரையே அவனுக்கு வைத்தார்கள். அவன் காலேஜ் ஃபீஸை நான்தான் கட்டுகிறேன். அம்மாவும் சித்தியும் கூடப்பிறந்தவர்கள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சித்தி என்னிடம் பாசமாகத்தான் இருப்பார். ஆனால் என் மகளை மட்டும் ஒருநாளும் தூக்கியதில்லை.

என் மகளுக்கு இப்போது 8 வயது. சுனாமியின் 20ஆம் வருடம் என்று டிவியிலும் போனிலும் அந்த வீடியோக்கள் ஓடியதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி எழுந்து மகள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன். ரோட்டில் கையைப் பிடித்தால் "வலிக்குதும்மா" என்று அழுகிறாள். மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. வீட்டுக்காரர் நல்லவர்தான், "இருபது வருஷம் ஆச்சு, மறந்துடு" என்கிறார். சித்தியிடம் மன்னிப்புக் கேட்டால் சரியாகுமா? அன்றைக்கு நான் போயிருந்தால் தம்பி இருந்திருப்பான். என் பயம் என் மகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் "நான் போயிருந்தால் தம்பி இருந்திருப்பான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொல்லாமல் தூக்கத்தைப் பற்றியும் நடுக்கத்தைப் பற்றியும் பேசினால் எதுவும் உங்கள் மனதில் நிற்காது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. அலை நாகைக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் உங்கள் ஊருக்கு யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. காரணம், அன்று இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு என்று ஒன்றுமே கிடையாது. ஹைதராபாத்தில் அதற்கான மையம் செயல்படத் தொடங்கியதே 2007 அக்டோபரில்தான். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் குழந்தைகள், யாரோ ஒரு பெரியவர் கையைப் பிடித்திருந்த குழந்தைகள்.

வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரியவர்களால் நிற்க முடியாது. அன்று வந்தது வெறும் தண்ணீரும் இல்லை. படகு, மரம், ஓடு, கருவேல முள் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் மாட்டிய ஒரு பெண்ணின் இரண்டு கைகளில் எது நின்றது, எது நழுவியது என்பதை அந்தப் பெண் முடிவு செய்யவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் அடித்தது, எந்தக் கையில் எது மோதியது என்பதுதான் முடிவு செய்தது. சித்தி உங்களைத் தேர்ந்தெடுத்துத் தம்பியை விட்டதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் அந்த எண்ணம் அடியில் ஓடுகிறது. எட்டு வயதுக் குழந்தையின் மனம் அப்படித்தான் கணக்குப் போடும். அந்த வயதில் சுற்றி நடக்கும் நல்லது கெட்டதுக்குத் தானே காரணம் என்று குழந்தைகள் நினைப்பது உண்டு. அப்பா அம்மா சண்டை போட்டால்கூட "நான் சேட்டை பண்ணினதாலதான்" என்று நினைக்கிற வயது அது. அன்று போட்ட கணக்கை யாரும் திருத்தித் தரவில்லை. நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், அந்தக் கணக்கு மட்டும் எட்டு வயதிலேயே நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. "என்னால்தான் நடந்தது" என்று நம்புவது கொடுமையானது. ஆனாலும் "யார் கையிலும் ஒன்றுமே இல்லை" என்பதைத் தாங்குவது மனதுக்கு அதைவிடக் கடினம். குற்ற உணர்வு இருந்தால், எதையோ செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்ற ஒரு பிடியாவது மிஞ்சும். பேரழிவில் தப்பியவர்கள் பலர் அந்தப் பிடியை விடாமல் வைத்திருப்பதை என் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்தாலே கொஞ்சம் தளரும்.

சரி, இருபது வருடம் இல்லாமல் இப்போது ஏன்?

இதில் உங்களுக்கு ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். சிறு வயதில் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்களுக்கு, தங்கள் பிள்ளை அதே வயதைத் தொடும்போது பழையது கிளம்பி வருவது மனநல மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். எட்டு வயது என்றால் எவ்வளவு சின்ன உடம்பு, எவ்வளவு சின்ன கை என்று இப்போதுதான் வெளியிலிருந்து பார்க்கிறீர்கள், அதுவும் தாயின் கண்ணால். மகளுக்கு எட்டு வயது ஆனதும், 20ஆம் வருட வீடியோக்கள் ஓடியதும் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்கின்றன. அந்த வீடியோக்களை இனிமேல் பார்க்கவே வேண்டாம். டிசம்பர் கடைசி வாரம் போனில் வந்து விழுந்தால் திறக்காமல் நீக்கிவிடுங்கள். அது கோழைத்தனம் ஆகாது.

தொட்டி வழியும் சத்தத்துக்கு உடம்பு நடுங்குவதையும் சொல்கிறேன். சாதாரண நினைவுகளோடு "இது முன்பு நடந்தது" என்ற முத்திரையும் சேர்ந்து பதியும். உயிர் போகும் பயத்தில் பதிந்தவற்றில் அந்த முத்திரை சரியாக விழாது. சத்தம், வாசனை, உடம்பின் இறுக்கம் எல்லாம் துண்டு துண்டாக நிற்கும். அதே மாதிரி ஒரு சத்தம் கேட்டதும் மூளையில் அபாய மணி அடிக்கும் பகுதி, யோசிக்கும் பகுதியைக் கேட்காமலே உடம்பை ஓடத் தயார் செய்துவிடும். அதனால்தான் "சும்மா தண்ணிதானே" என்று புத்தி சொன்னாலும் கால் நடுங்குகிறது. அந்த நேரத்தில் புத்தியோடு வாதாடிப் பயனில்லை. உடம்புக்குத்தான் சொல்ல வேண்டும். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வையுங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். பிறகு வாய்விட்டே சொல்லுங்கள்: "இது திருப்பூர். மணி மூணு. பாப்பா பக்கத்துல தூங்குறா. இது தொட்டித் தண்ணி." கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். விழாமல் போன அந்த முத்திரையை நீங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் குத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது மட்டும் போதாது. நீங்கள் எழுதியிருக்கும் அளவுக்கு, அதுவும் மாதக் கணக்கில் இருந்தால், ஆளை நேரில் பார்த்துச் செய்யும் சிகிச்சை தேவை. அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்தத் தொந்தரவுக்கென்றே பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் அவற்றைப் பரிந்துரைக்கிறது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, சில மாதங்கள். முதலிலேயே "எல்லாவற்றையும் சொல்லு" என்று யாரும் உங்களைப் பிழிய மாட்டார்கள். பிழிந்தால் வேறு ஆளைப் பாருங்கள். முதலில் தூக்கமும் உடம்பும் கொஞ்சம் நிலைக்கு வரும், பிறகுதான் அந்த நாளுக்குள் போவார்கள், அதுவும் உங்கள் சம்மதத்தோடு. மருந்து தேவைப்பட்டால் தருவார்கள். தந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க முடியும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

நேரடியாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. "நான் போயிருந்தால்" என்ற எண்ணம் பழைய நாளைப் பற்றியது மட்டும்தானா, இல்லை இப்போது இருக்க வேண்டாம் என்றும் தோன்றுகிறதா? அப்படி ஒரு நாள் தோன்றினாலும் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே 14416க்குக் கூப்பிடுங்கள். அதற்காக ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இனி, இந்தப் பதிலை எழுத என்னைத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

2005இல் நாகைப் பக்கம் முகாம்களில் வேலை செய்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எல்லாவற்றுக்கும் பட்டியல் இருந்தது. இறந்தவர்கள் பட்டியல், காணாமல் போனவர்கள் பட்டியல், தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகள், ஒருவரை இழந்த குழந்தைகள், விதவைகள், வீடு போனவர்கள், படகும் வலையும் போனவர்கள். நிவாரணம் முறையாகப் போய்ச் சேரப் பட்டியல் அவசியம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்களை அதில் எங்கே எழுதியிருப்பார்கள்? அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், கூடப்பிறந்தவர் யாரும் போகவில்லை. "பாதிப்பு இல்லாத குழந்தை" என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்த வீட்டில் சித்தி மகன் தம்பிதான். ஒரே சட்டியில் சாப்பிட்டு ஒரே பாயில் தூங்கி வளர்ந்தவன். அவனுக்காக அழ உங்களுக்கும் உரிமை உண்டு என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு மேல், நீங்கள் பிழைத்த குழந்தை. "சாமி உன்னைக் காப்பாத்துச்சு" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அப்போ தம்பியை ஏன் காப்பாற்றவில்லை என்று எட்டு வயதுக் குழந்தை எங்கே போய்க் கேட்கும்?

உங்களுக்கு வந்திருப்பது பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பாதி பயம், பாதி அழாத அழுகை என்று படுகிறது. பயத்துக்கு மருத்துவரிடம் போகலாம். அழுகைக்கு அவனைத் தெரிந்தவர்கள் வேண்டும். அவனைத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள், திருப்பூரில் இல்லை.

அந்த நாட்களில் குழந்தைகளுக்கு எது உதவியது என்று சொன்னால் இது இன்னும் புரியும். வெளியூரிலிருந்து குழு குழுவாக வந்தார்கள். சிலர் பிள்ளைகளை உட்கார வைத்து, அலையை வரையச் சொன்னார்கள். அடுத்த வாரம் வேறு குழு வந்து மறுபடியும் அதையே வரையச் சொன்னது. ஒரே தடவை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லும் முறை பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்பது ஆராய்ச்சியில் தெளிவான விஷயம். உதவியது வேறு. பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனத்தினர் அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள் என்று ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்துத் தெருக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று தினம் கேட்டது உதவியது. பள்ளிக்கூடம் சீக்கிரம் திறந்தது உதவியது. மாலையில் விளையாட விட்டது உதவியது. ஆண்கள் மறுபடி கடலுக்குப் போன அன்று ஊரே கரையில் நின்றது பெரியவர்களுக்கு உதவியது. பிறகு புதுக் குடியிருப்புகள் கடலைவிட்டுத் தள்ளி எழும்பின. வீடு உறுதியானதாக இருந்தாலும் பழைய பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாமல் போன இடங்களில், பேச்சும் நின்றுபோனதைப் பார்த்தேன். எல்லாரும் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். உங்கள் வீட்டில் அக்காவும் தங்கையும் பேசாமல் இருப்பது அப்போது தொடங்கியதாக இருக்கலாம்.

அந்த மௌனத்தைக் கோபமாகப் படிக்காதீர்கள். உங்கள் அம்மாவின் இடத்தில் இருந்து பாருங்கள். தங்கை உங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவளுடைய பிள்ளை போய்விட்டது. எப்படி நன்றி சொல்வது? எப்படி ஆறுதல் சொல்வது? எதைச் சொன்னாலும் காயம். அதனால் சொல்லவில்லை. சித்தியின் இடம் இன்னும் கடினம். அன்று என்ன நடந்தது என்று இந்த உலகத்தில் அவரைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். "இவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், என்னைப் பற்றி என்ன நினைக்கிறாளோ" என்று இருபது வருடமாக அவர் உங்களைப் பார்த்து அஞ்சிக்கொண்டிருக்கலாம். உங்கள் மகளை அவர் தூக்காததற்கு வெறுப்பு காரணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளையைத் தூக்கும் கை, பிள்ளை நழுவிய கை. அவருக்கு அந்தக் கைமேலேயே நம்பிக்கை போயிருக்கலாம். இது என் ஊகம்தான், உண்மையை அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இப்படியும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நீங்கள் செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்டால், அவர் "அய்யோ அப்படியெல்லாம் இல்லடி" என்று உங்களைத் தேற்ற வேண்டிவரும். அவர் பிள்ளை போன துக்கத்தில் நீங்கள் முன்னால் வந்து நிற்பீர்கள், அவன் பின்னால் போய்விடுவான். அதற்குப் பதிலாக அவனைப் பற்றிப் பேசுங்கள். போன பிள்ளையின் பெயர் இப்போது இன்னொரு பிள்ளைக்கு இருக்கிறது. மூத்தவனை எந்தப் பெயரில் நினைத்து அழுவது என்பதே சித்திக்குச் சிக்கலாக இருக்கும். அந்த வீட்டில் அவனைச் சொல்ல ஒரு சொல்கூட மிச்சமில்லை.

ஆனால் சிகிச்சை தொடங்கி, தூக்கம் கொஞ்சம் வந்தபிறகு இதைச் செய்யுங்கள். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: "அம்மா, எனக்குத் தம்பி ஞாபகம் ரொம்ப வருது, சித்திகிட்ட பேசணும்." அம்மா தடுத்தால் சண்டை வேண்டாம், ஏன் என்று மட்டும் கேளுங்கள், அப்போது அவரே ஏதாவது சொல்வார். பிறகு சித்தி. போனில் வேண்டாம். டிசம்பர் 26 அன்று வேண்டாம். விசேஷ வீட்டில் வேண்டாம். சாதாரண நாளில், அவர் மீன் ஆய்ந்துகொண்டோ கருவாடு திருப்பிக்கொண்டோ இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கை கொடுங்கள். முகத்துக்கு முகம் பார்த்துப் பேச முடியாத விஷயங்கள், கையில் வேலை இருக்கும்போது பக்கவாட்டில் வரும். "சித்தி, தம்பிய எனக்கு அடிக்கடி ஞாபகம் வருது. அவனப் பத்தி உங்ககிட்ட பேசலாமா?" அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றி, அந்த நாளைப் பற்றித் தொடங்காதீர்கள். அவன் என்ன சாப்பிடுவான், எதற்கு அழுவான், நீங்கள் இரண்டு பேரும் என்ன சேட்டை செய்தீர்கள், அதைப் பேசுங்கள். அவனுக்கு ஐந்து வருட வாழ்க்கை இருந்தது. அவனைப் பற்றிய பேச்செல்லாம் ஒரே ஒரு காலை வேளையோடு முடிந்துவிடக் கூடாது.

அவர் எழுந்து போகலாம், அழலாம், திட்டவும் செய்யலாம். "சரி சித்தி, எப்ப தோணுதோ அப்ப சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். கதவைத் தட்டியாகிவிட்டது, அவர் திறக்கும் நேரம் அவர் கையில் இருக்கிறது. ஒருவேளை அவர் அந்த நாளைச் சொன்னால், உங்கள் நினைவோடு பொருந்தாமல் இருக்கலாம். யார் சொல்வது சரி என்று பார்க்கப் போகாதீர்கள். இருவரும் தலைக்குமேல் தண்ணீரில் இருந்தீர்கள்.

உங்கள் தம்பிக்கு, அதாவது 2006இல் பிறந்தவனுக்கு, ஃபீஸ் கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசத்தில் கட்டினால் ரொம்ப நல்லது. ஒரு மாதம் உங்கள் வீட்டில் பணம் முடையாகி, கட்ட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். "பாவம் பையன்" என்று தோன்றினால் அது பாசம். "எனக்கு என்ன தகுதி இருக்கு" என்று நெஞ்சு அடைத்தால், அது கடன் தவணை. அந்தக் கடன் யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை, கட்டித் தீரவும் தீராது. ஃபீஸை நிறுத்தச் சொல்லவில்லை, எந்த மனதோடு கட்டுகிறோம் என்று மட்டும் பாருங்கள். அந்தப் பையனுக்கும் சுமை உண்டு. போன அண்ணன் பெயரைச் சுமந்துகொண்டு, அவனுடைய இடத்தையும் நிரப்ப வேண்டிய பிள்ளையாக வளர்ந்திருக்கிறான். அவனிடம் பழைய கதையைச் சொல்வது சித்தியின் உரிமை. ஆனால் அவனாக உங்களிடம் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். அவன் கட்டாயம் ஒருநாள் கேட்பான்.

அடுத்தது மகள். பயம் ஒட்டிக்கொள்ளுமா என்றால், பேசாத பயம்தான் அதிகம் ஒட்டும். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அம்மா கை இறுகுவதும், தொட்டிச் சத்தத்துக்கு முகம் வெளுப்பதும் அவள் பார்க்காமல் இருக்கமாட்டாள். காரணம் தெரியாவிட்டால், நான் சொன்னேனே, எட்டு வயதில் தன்னையே காரணமாக்கிக்கொள்வாள். ஒரு பகல் நேரத்தில், அமைதியாக இருக்கும்போது, அவள் அளவுக்குச் சொல்லுங்கள்: "அம்மா உன்ன மாதிரி சின்னப் பொண்ணா இருந்தப்போ கடல் ஊருக்குள்ள வந்துச்சு. அம்மாவோட தம்பி செத்துப்போயிட்டான். அதனால தண்ணி சத்தம் கேட்டா அம்மாவுக்குச் சில நேரம் பயம் வரும். நீ எதுவும் பண்ணல. அம்மா டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ணிக்கிறேன்." அவ்வளவு போதும். கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். ரோட்டில் கை வலித்தால் "அம்மா, லூஸ்" என்று அவள் சொல்லலாம், நீங்கள் உடனே தளர்த்த வேண்டும் என்று ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் அம்மா கேட்பாள் என்பது அவளுக்குத் தெரியும், பிடி தளர்ந்தாலும் பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரியவரும்.

கடலுக்கு அழைத்துப் போவதற்கு அவசரம் ஒன்றுமில்லை. மருத்துவரோடு பேசி, படிப்படியாகப் போகலாம். எங்கே தொடங்கினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்துவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். தாங்கக்கூடிய தூரத்தில் நின்று, பயம் கொஞ்சம் இறங்கியபின் திரும்புங்கள்.

ஹவாய்த் தீவுகளில் காவாய் என்று ஒரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, மனநோய், வீட்டுச் சண்டை என்று பல சிரமங்களுக்கு நடுவே வளர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவர் தெம்பான, அன்பான மனிதராக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, பெற்றவராகவோ இல்லாமலோ, விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவர். எனக்கு அந்த ஆய்வில் இதைவிடப் பிடித்தது வேறு: இளவயதில் தடுமாறியவர்களில் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். உங்களுக்கு 29. சித்தி உங்களுக்கு அந்தப் பெரியவராக இருந்திருக்கிறார், அன்று மட்டும் இல்லை, அதன்பிறகும்.

வீட்டுக்காரரிடம் "மறக்க முடியல" என்று வாதாடாதீர்கள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் மறக்கச் சொல்கிறார். செய்ய ஒரு வேலை கொடுங்கள்: "ராத்திரி நான் எழுந்தா, எதுவும் சொல்ல வேண்டாம், பக்கத்துல வந்து உட்காருங்க." முதல் தடவை மருத்துவமனைக்கு அவரும் வரட்டும்.

உங்களோடு படித்தவர்கள், அன்று ஏழு, எட்டு, பத்து வயதில் இருந்தவர்கள், இன்று உங்களைப் போலவே பிள்ளை வளர்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருத்தியிடமாவது "உனக்கும் இப்படி இருக்கா?" என்று கேளுங்கள். இருக்கும். அந்த ஒரு கேள்வியை அவளும் யாரிடமும் கேட்காமல் வைத்திருப்பாள்.

வருடா வருடம் டிசம்பர் 26 அன்று உங்கள் கரையோர ஊர்களில் கடலுக்குப் போகாமல், ஊர்வலமாக வந்து பாலும் பூவும் கடலில் விடுகிறார்கள். நீங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறையும் போகவில்லை என்று நினைக்கிறேன். இந்த வருடம் வேண்டாம். சிகிச்சை நடந்து, சித்தியிடம் ஒரு தடவையாவது பேசியபிறகு, அடுத்த வருடம் போங்கள். தம்பிக்காக வந்தேன் என்று கேட்பவர்களிடம் சொல்லுங்கள், அக்காவாகப் பூ விடுங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நாளை அவர் இதுவரை டிவியில்தான் பார்த்திருக்கிறார்.